பரிமளம் அக்காவின் கைக்கு வந்த ஊத்தைச் சட்டை

ஒரு வேண்டுகோளோடு தொடங்குகிறேன். நான் சொல்லி முடிக்கும்வரை யாரும் ஆமென் சொல்ல அவசரப்பட வேண்டாம். போன முறை நான் எழுந்து நின்றபோது வீடே அதிரும்படி சொன்னீர்கள். உங்களில் ஒருவர் மீதும் பிழையில்லை. சொல்ல வைத்தது என் வாய்.

புதிதாக வந்திருப்பவர்களுக்காக என்னைச் சொல்லிவிடுகிறேன். என் பெயர் ராணி. மெல்பேணில், கிளேட்டனில் இருக்கிறோம். என் கணவர், இவர், டண்டினோங்கில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரப் படம் கீறுகிறார். நான் ஆஸ்பத்திரியில் தாதி. யாழ்ப்பாணத்தில் எனக்கு ஒரு தம்பி, ஜெயசீலன். அம்மா இறந்தபோது சின்னப் பையன். அதற்குப் பிறகு அவனுக்குத் தலை வாரிவிட்டதும் நான்தான், அடித்ததும் நான்தான்.

1975ஆம் ஆண்டு பங்குனி மாதம் அப்பாவிடமிருந்து தந்தி வந்தது. சீலனைப் பொலிஸ் பிடித்துவிட்டது, ஜெபியுங்கள் என்று. அரசாங்கத்துக்கு எதிராகச் சுவரொட்டி ஒட்டினார்களாம். அவசரகாலச் சட்டம் இருந்த நேரம். வழக்கும் இல்லை, நீதவானும் இல்லை. விரும்பிய காலத்துக்கு மறியலில், சிறையில், வைத்திருக்கலாம். அவனோடு சேர்த்துப் பிடிபட்டவன் நேசன், அவனுடைய பள்ளிக்கூடச் சிநேகிதன்.

நேசனின் தாய்தான் பரிமளம் அக்கா. மகளின் பிள்ளைப்பேறு பார்க்க ஸ்பிரிங்வேலுக்கு வந்தவர். பேரப்பிள்ளை பிறந்த கையோடு அவருக்கு நெஞ்சு வருத்தம் வந்து, விமானம் ஏறவே கூடாது என்று டாக்டர் மறித்துவிட்டார். பரீட்சைக்குப் படிக்கட்டும் என்று ஊரில் விட்டு வந்த ஒரே மகன் இப்போது மறியலில். அவரால் போகவும் முடியாது, இங்கே இருக்கவும் முடியாது.

நாங்கள் இருவரும் வெள்ளிக்கிழமைகளில் உபவாசம் இருந்தோம். அக்கா சத்தம் போட்டு ஜெபிக்கிறவர் அல்ல. நான் இருவருக்குமாகச் சேர்த்துச் சத்தம் போட்டேன். முழங்காலில் நிற்கும்போது அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கள் இரண்டு பிள்ளைகளையும்" என்றுதான் சொல்வேன். வீட்டுக்கு வந்து தனியே ஜெபிக்கும்போது சீலன், சீலன், சீலன். அவனுக்குச் சாப்பாடு கொடு, அவனை அடிக்காமல் பார், அவனுக்குப் பயம் வராமல் காப்பாற்று என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, கடைசியில் நேசனையும் என்று ஒரு சொல் சேர்ப்பேன். கறிக்குக் கறிவேப்பிலை போடுவதுபோல. ஆண்டவருக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்?

ஜூலை மாதக் குளிரில் இரண்டாவது தந்தி வந்தது. சீலன் வீட்டுக்கு வந்துவிட்டான். நான் தந்திக்காரப் பையனைக் கட்டிப்பிடித்ததை அடுத்த வீட்டுக்காரர்கூடப் பார்த்தார். நேசனைப் பற்றி அந்தத் தந்தியில் ஒன்றும் இருக்கவில்லை. நான் திருப்பித் திருப்பிப் படித்தும் அது எனக்கு உறைக்கவில்லை.

அந்த வாரமே ஸ்தோத்திரக் கூட்டம் வைக்க வேண்டும் என்று நின்றேன். நம்முடைய வழக்கம் அதுதானே. பிள்ளை பிழைத்தால், வேலை கிடைத்தால், வீடு வாங்கினால், சபையைக் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டு எழுந்து நின்று சாட்சி சொல்வோம். நேசன் வெளியே வரவில்லை என்று அதற்குள் தெரிந்திருந்ததால் இவர் மட்டும் தயங்கினார்.

"ராணி, பரிமளம் அக்காவையும் கூப்பிடவேணுமோ?"

"கூப்பிடாட்டி அவ என்ன நினைப்பா? நாலு மாசம் என்னோடை முழங்காலிலை நிண்டவ."

"கூப்பிட்டால் என்ன நினைப்பா?"

கோழியை வெட்டிக்கொண்டிருந்த நான் கத்தியைத் திருப்பிப் பிடித்து அவரைக் குசினியிலிருந்து விரட்டினேன்.

அக்கா வந்தார். வெறுங்கையோடு வரவில்லை. ஒரு பெரிய தட்டு நிறைய ரோல்ஸ் சுட்டுக்கொண்டு வந்தார். அன்றைக்கு வந்திருந்தவர்களுக்கு நான் என்ன சொன்னேன் என்பது நினைவிருக்கும். விசுவாசத்தோடு கேட்டேன், அதனால் கிடைத்தது என்றேன். சந்தேகப்படாமல் கேட்டால் ஆண்டவர் இல்லை என்று சொல்வதேயில்லை என்றேன். அக்கா மூன்றாவது வரிசைக் கதிரையில் இருந்தார். எல்லோரும் ஆமென் சொன்னபோது அவரும் சொன்னார். பிறகு எழுந்து குசினிக்குள் போனார். எல்லோரும் சாப்பிட்டு முடிக்கும்வரை அங்கே நின்று பாத்திரம் கழுவினார். நான் விருந்தாளிகளோடு சிரித்துக்கொண்டு நின்றேன்.

அந்தக் கூட்டத்துக்கு எங்கள் அடுத்த வீட்டு ஹெர்த்தாவையும் கூப்பிட்டிருந்தேன். ஹெர்த்தா ஜெர்மன்காரி, அறுபது தாண்டியவர், கணவரை இழந்தவர். வேலிக்கு மேலால் எனக்குக் கீரை தருவார், நான் அவருக்கு மிளகாய்த்தூள் தருவேன். தமிழ் ஒரு சொல்லும் தெரியாமல் கடைசிவரை மரியாதையாக இருந்தார். முடிந்ததும் நான் என்ன பேசினேன் என்று கேட்டார். நான் பெருமையாக எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் சொன்னேன், இன்னொரு பையன் உள்ளேயே இருக்கிறான் என்பதையும் சேர்த்து.

"மற்றப் பெடியன்ரை தாய் இதிலை ஆர்?" என்று கேட்டார். அவருடைய ஆங்கிலத்தை என் தமிழில் சொல்கிறேன்.

நான் குசினிப் பக்கம் கையைக் காட்டினேன். ஹெர்த்தா உள்ளே போய், துவாயை எடுத்து, அக்காவின் பக்கத்தில் நின்று பாத்திரம் துடைக்கத் தொடங்கினார். இருவருக்கும் பொதுவாக ஒரு பாஷை கிடையாது. கடைசிக் கோப்பைவரை நின்றார்கள்.

அடுத்த நாள் காலை உடுப்புக் காயப்போட நான் பின்வளவுக்குப் போனபோது ஹெர்த்தா வேலியடியில் காத்துக்கொண்டிருந்தார். கோபமாக இருக்கிறார் என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, அந்தக் கோபம் என்மேல் இல்லை என்று.

அவருடைய கணவர் எமில் பெர்லினில் தொலைபேசித் தொழில்நுட்பம் தெரிந்தவர், இராணுவக்காரர் அல்ல. எமிலின் சிநேகிதர் ஓட்டோ இராணுவத்தில் கப்டன். யுத்தம் முற்றி, நாடே பிணக்காடாகிக்கொண்டிருந்த காலம். அந்தச் சர்வாதிகாரியின் பெயரை ஹெர்த்தா தன் வாயால் சொல்வதில்லை. 'அவன்' என்றுதான் சொல்வார். அவனைக் கொன்று யுத்தத்தை நிறுத்த வேண்டும் என்று சில இராணுவ அதிகாரிகளும், வழக்கறிஞர்களும், போதகர்களும், தொழிற்சங்கக்காரர்களும் இரகசியமாகக் கூடினார்களாம். 1944 ஜூலையில் குண்டு வெடித்தது. அவன் சாகவில்லை. குண்டு வெடிக்கிற நாளில் சில தொலைபேசிக் கம்பிகள் பேசாமல் இருக்க வேண்டும் என்று ஓட்டோ கேட்டிருந்தார், எமில் செய்து கொடுத்திருந்தார். இரண்டு பேரும் பிடிபட்டார்கள்.

"எங்களுக்கும் ஜூலை மாசம்தான்," என்றார் ஹெர்த்தா.

அந்த மறியலில் ஒரு வழக்கம் இருந்ததாம். கைதிகளின் உடுப்பை வீட்டுக்காரர்தான் தோய்த்துக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் ஹெர்த்தாவும் ஓட்டோவின் மனைவி மார்த்தாவும் ட்ராமில் சேர்ந்து போவார்கள். வாசலில் தோய்த்த உடுப்பைக் கொடுத்து, ஊத்தை உடுப்பை வாங்கி வருவார்கள். பார்க்க விடமாட்டார்கள், ஒரு சொல் சொல்லமாட்டார்கள். ஊத்தை உடுப்பு வந்தால் ஆள் உயிரோடு இருக்கிறான் என்று அர்த்தம். இவ்வளவுதான் அவர்களுக்குக் கிடைத்த செய்தி. சட்டையில் இரத்தம் இருந்தாலும், அதை மடித்துக் கையில் வாங்கும்போது சந்தோஷமாக இருக்குமாம்.

ஒரு செவ்வாய்க்கிழமை காவல்காரன் ஹெர்த்தாவுக்கு எமிலின் ஊத்தைச் சட்டையைக் கொடுத்தான். மார்த்தாவுக்கு, அவர் போன வாரம் கொண்டுவந்த மூட்டையையே திருப்பிக் கொடுத்தான். மடிப்புக் கலையாமல் இருந்தது. இனிக் கொண்டுவரத் தேவையில்லை என்றான்.

"நான் என்ன செய்தனான் தெரியுமே, ராணி? எமிலின்ரை சட்டையைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு, ஆண்டவரே ஸ்தோத்திரம் எண்டு சத்தமாச் சொன்னனான். மார்த்தா எனக்குப் பக்கத்திலை நிண்டவ."

ஓட்டோ விசாரணையில் எல்லாவற்றையும் தன் தலையில் போட்டுக்கொண்டாராம். அந்தத் தொழில்நுட்பக்காரனுக்கு ஒன்றும் தெரியாது, நான் உத்தரவு போட்டேன், அவன் செய்தான் என்று. அதனால் ஓட்டோவைத் தூக்கிலிட்டார்கள். எமில் யுத்தம் முடியும்வரை உள்ளே இருந்து, உயிரோடு வெளியே வந்தார். ஊரில் அக்கம்பக்கத்தார் அவரைத் துரோகி என்றார்கள். கப்பலேறி மெல்பேணுக்கு வந்தால், தொழிற்சாலையில் நாஜி என்றார்கள். இரண்டுக்கும் எமில் பதில் சொன்னதில்லை. கோயிலுக்கு ஒழுங்காக வருவார், ஆனால் பாடமாட்டாராம். சாகும்வரை ஒரு பாட்டும் பாடவில்லை.

நான் ஈர உடுப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். முந்தைய நாள் நான் பேசியதைப் பற்றி ஹெர்த்தா ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை பிடித்திருப்பேன், அது எனக்குச் சுலபம்.

அந்தக் கிழமை யாழ்ப்பாணத்துக்கு ட்ரங்க் கோல் எடுத்தேன். இரைச்சலுக்கு நடுவே சீலனின் குரல் கேட்டது. நான் அழுதேன். அவன் அழவில்லை.

"அக்கா, நான் வெளியிலை வந்தது நேசனாலை. சீலன் சும்மா கூட நிண்டவன், எல்லாம் நான்தான் ஒட்டினது எண்டு சொல்லிப்போட்டான். நாங்கள் ரெண்டு பேரும் சேர்ந்துதான் ஒட்டினனாங்கள்."

"அவன் இப்ப எங்கை?"

"தெரியேல்லை. கொழும்புக்குக் கொண்டுபோயிட்டாங்கள் எண்டு ஒராள் சொல்லுது. இல்லை எண்டு இன்னொராள் சொல்லுது. நான் தேடிப் போறன்."

"விசரே உனக்கு? ஆண்டவர் உன்னை வெளியிலை விட்டது திரும்ப உள்ளுக்குப் போறதுக்கே? வீட்டை விட்டு வெளிக்கிடக் கூடாது, சொல்லிப்போட்டன்."

நேரம் முடிந்து இணைப்பு அறுந்தது. ஆண்டவரின் பெயரைச் சொல்லி அவனை மறித்தேன். உண்மையில் மறித்தது என் பயம்.

அன்றிலிருந்து எனக்கு ஜெபம் வரவில்லை. முழங்காலில் நிற்பேன், வாய் திறக்காது. நான் விசுவாசத்தோடு கேட்டதால் சீலன் வந்தான் என்று இத்தனை பேருக்கு முன்னால் சொன்னேனே! அவன் வந்தது இன்னொரு தாயின் பிள்ளை உள்ளே இருந்ததால். அந்தத் தாயைக் கூப்பிட்டு உட்கார வைத்து, அவருக்கு விசுவாசம் போதாது என்று சொல்லாமல் சொல்லியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. வேலைக்குப் போகிற பஸ்ஸில் முகத்தை மூடிக்கொண்டு இருந்தேன்.

ஸ்பிரிங்வேலுக்குப் போய் அக்காவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் பேரப்பிள்ளைக்குப் பால் புட்டி பிடித்துக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தெரியும், ராணி," என்றார்.

"எப்ப தெரியும்?"

"உம்மடை கூட்டத்துக்கு முதலே. ஊரிலை இருந்து என்ரை தம்பி கோல் எடுத்துச் சொன்னவன்."

தெரிந்துகொண்டு ரோல்ஸ் சுட்டிருக்கிறார். தெரிந்துகொண்டு ஆமென் சொல்லியிருக்கிறார்.

"ஏனக்கா எனக்குச் சொல்லேல்லை?"

"சொல்லியிருந்தா நீர் சந்தோஷப்பட்டிருக்க மாட்டீர். ஒருத்தனாவது வீட்டை போகட்டும் எண்டுதானே அவன் அப்பிடிச் சொன்னவன். அதுக்கு ஆரும் சந்தோஷப்படாட்டி என்ரை பிள்ளை சொன்னது வீணாப் போயிடும்." புட்டியை இறக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "சீலன் தேடப் போகப் போறானாம் எண்டும் கேள்விப்பட்டனான். போக விடாதையும். ரெண்டு பேரும் உள்ளுக்கு இருந்தா எனக்கென்ன லாபம்?"

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தக் கடைசிச் சொல்லைக் கேட்டதும் எனக்கு உள்ளுக்குள் ஆறுதலாக இருந்தது. தாயே வேண்டாம் என்றுவிட்டார், இனி என் பொறுப்பில்லை. அந்த ஆறுதலோடு வீட்டுக்கு வந்து, நல்ல செய்தி சொல்வதுபோல ஹெர்த்தாவிடம் சொன்னேன்.

ஹெர்த்தா கீரைப் பாத்தியில் குனிந்து ஒரு களையைப் பிடுங்கினார்.

"சண்டை முடிஞ்ச பிறகு எமில் மார்த்தாவைப் போய்ப் பாக்கவேணும் எண்டு கேட்டவர். அவவுக்கு விறகு வெட்டிக் குடுக்கவேணும், ஓட்டோ செய்ததைச் சொல்லவேணும் எண்டு. வேண்டாம், உங்களைத் திரும்பவும் துரோகி எண்டு அடிப்பாங்கள் எண்டு மறிச்சு, கப்பலிலை ஏத்திக்கொண்டு வந்தது நான்தான். பத்திரமா வைச்சிருந்தனான். அதுக்குப் பிறகுதான் அவர் பாடுறதை விட்டவர்."

பிறகு இன்னொன்று சொன்னார். மறியல் வாசலில் ஒருவனைப் பெயர் சொல்லிக் கேட்க வாராவாரம் ஆள் வந்தால், உள்ளே இருப்பவர்கள் அவனை அவ்வளவு சுலபமாகக் காணாமல் ஆக்கமாட்டார்கள். யாருமே வராதவனுக்குத்தான் ஆபத்து. "ஆரோ ஒராள் உடுப்பைக் கொண்டுபோய் வாசலிலை நிக்கவேணும், ராணி."

நான் உள்ளே போய் முழங்காலில் நின்றேன். இந்த முறை வாய் திறந்தது. சீலன் பெயரைச் சொல்லவில்லை. நேசன் எங்கே இருக்கிறான் என்று காட்டும் என்று மட்டும் கேட்டேன். கேட்டு முடிக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, அதைப் பார்க்க அனுப்ப வேண்டியது யாரை என்று. இதைவிடக் கடினமான ஜெபம் நான் செய்ததில்லை.

மறுபடி கோல் எடுத்தேன். "சீலன், போ. நேசன்ரை வீட்டை போய் அவன்ரை உடுப்பு எடுத்துக்கொண்டு போ," என்றேன். "அக்கா, உண்மையாத்தான் சொல்லுறியா?" என்றான். ஓம் என்றேன்.

சீலன் கொழும்பில் சித்தப்பா வீட்டில் தங்கி, வாரம் தவறாமல் மறியல் வாசலுக்குப் போனான். அப்படி ஒருவன் இங்கே இல்லை என்று மூட்டையைத் தூக்கி எறிந்தார்கள். பொறுக்கி எடுத்துக்கொண்டு அடுத்த வாரமும் போனான். ஒருநாள் அவனையே பிடித்துப் பகல் முழுக்க இருத்தி, கன்னத்தில் அறைந்து அனுப்பினார்கள். அந்தச் செய்தி வந்தபோது இவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. நான்தான் என்னைச் சொன்னேன். இருந்தாலும் இனிப் போகாதே என்று அவனுக்குச் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமைகளில் அக்காவும் நானும் ஹெர்த்தாவும் ஒன்றாக முழங்காலில் நின்றோம். ஹெர்த்தா ஜெர்மன் பாஷையில் ஜெபிப்பார். அதில் எங்களுக்கு விளங்கிய ஒரே சொல் நேசன்.

மழைக்கால முடிவில் சீலன் எழுதினான், மூட்டையை வாங்கிவிட்டார்கள் என்று. நான் துள்ளிக் குதித்தேன். ஹெர்த்தா போதாது என்று தலையாட்டினார். "வாங்கினது காணாது. ஊத்தையாத் திரும்பி வரவேணும்."

வந்தது. இங்கே குடிபெயர்ந்து வந்த ஒரு டாக்டர் குடும்பத்தின் கையில் சீலன் அதைக் கொடுத்துவிட்டிருந்தான். இந்த வருஷம் தவக்காலத்தில், எங்கள் குசினி மேசையில் வைத்து அந்தப் பார்சலை அவிழ்த்தோம். மங்கிய ஒரு சட்டை. கொலர் கிழிந்த இடத்தில் அக்கா முன்பு போட்ட தையல் அப்படியே இருந்தது. கழுத்தடியில் கறுத்த ஊத்தை. அறை முழுக்க வியர்வை நாற்றம்.

பரிமளம் அக்கா அதை முகத்தில் வைத்து அழுத்தினார். நெடுநேரம் எடுக்கவில்லை.

"என்ரை பிள்ளை வேர்த்திருக்கிறான்," என்றார். பிறகுதான் அழுதார். பிடிபட்ட செய்தி வந்த நாளிலிருந்து அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஹெர்த்தா கதவடியில் நின்று கொண்டே, தனக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல்லைச் சொன்னார். ஸ்தோத்திரம். மெதுவாகத்தான் சொன்னார், அக்காவைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அக்கா தலையாட்டிய பிறகே நான் வாய் திறந்தேன்.

அந்தச் சட்டையைத் தோய்க்கக் கூடாது, அப்படியே வைத்திருக்க வேண்டும் என்று அக்கா சொன்னார். ஹெர்த்தா விடவில்லை. உள்ளே போனது வெளியே வர வேண்டும், வெளியே வந்தது தோய்த்து உள்ளே போக வேண்டும், அவனுக்குப் போட உடுப்பு வேண்டும் அல்லவா என்றார். நான் அக்காவின் முன்னால் போய் நின்று, நான் தோய்க்கட்டுமா என்று கேட்டேன்.

"கொலரை நான் தோய்க்கிறன். மிச்சத்தை நீர் தோயும்."

பின்னறைத் தொட்டியில் இருவரும் ஒரு சட்டையைத் தோய்த்தோம். ஹெர்த்தா கொடியில் போட்டார்.

சகோதர சகோதரிகளே, நேசன் இன்னும் வெளியே வரவில்லை. ஆனால் அவன் உயிரோடு இருக்கிறான், வாரத்துக்கு ஒரு சட்டையை ஊத்தையாக்குகிறான். ஆண்டவர் எனக்குக் காட்டியது இது. நான் கேட்ட கேள்விக்கு அவர் பதில் சொன்னார், என் தம்பியின் கால்களால் சொன்னார். இப்போது நான் ஸ்தோத்திரம் சொல்வதற்கு முன் என் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று பார்க்கிறேன். குற்ற உணர்வு போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. அதோடுதான் ஜெபிக்கிறேன். அப்படி வருகிறவளையும் அவர் தள்ளவில்லை.

உங்கள் ஜெபம் கேட்கப்பட்டிருந்தால் நன்றி சொல்லுங்கள். கேட்கப்படாதவரின் வாசலில் போய் நின்று சொல்லுங்கள், கையில் ஏதாவது கொண்டுபோங்கள். இன்னும் பதில் வராதவர்கள் பயப்படாமல் நம்பி வாருங்கள், உங்களிடம் விசுவாசம் போதாது என்று இங்கே இனி ஒருவரும் சொல்லமாட்டார்கள். வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் நேசனுக்காகக் கூடுகிறோம், சாப்பாடும் உண்டு. பரிமளம் அக்கா முன் வரிசையில் இருப்பார். பாத்திரம் கழுவுகிறது நான்.

இப்போது ஆமென் சொல்லலாம்.